பூசைக்கு அடித்த பச்சை

அக்டோபர் 4, சனி

திரையில் ஐந்தாம் எண்ணின் மேல் குங்குமம் இருந்தது. ஆயுத பூசைக்கு வைத்த பொட்டு. அடியில் இருந்த சந்தனம் காய்ந்து விரிசல் விட்டிருந்தது. தானாக உதிரும்வரை யாரும் துடைக்கக் கூடாது என்று குப்புராஜ் சார் சொல்லியிருந்தார். அவர் டீ குடிக்கப் போனதும் துப்பட்டா நுனியால் துடைத்துவிட்டேன். அதனால்தான் பார்த்தேன். 41 என்று இருந்த எண் 88 ஆனது. உடனே மறுபடியும் 41. கண் சிமிட்டும் நேரம்தான், சைரன் அடிப்பதற்குள் இறங்கிவிட்டது.

வீட்டில் தினமும் வெந்நீர் போடுகிறவள் நான். தண்ணீர் அப்படிச் சுடாது. அப்படி ஆறவும் ஆறாது.

இது இரும்பு உருக்கும் பவுண்டரி. மின்சார உலையைச் சுற்றிச் செம்புக் குழாய்ச் சுருள் இருக்கிறது. சுருளுக்குள் எட்டு வழியாகத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். எட்டு வழிக்கும் எட்டு எண். ஏதாவது ஒன்று அறுபதைத் தொட்டால் சைரன் அடிக்கும், உலைக்குப் போகும் மின்சாரம் தானாக நின்றுவிடும். நிற்காவிட்டால் சுருள் ஓட்டையாகி, உருகிய இரும்பும் தண்ணீரும் சந்திக்கும். "அதுக ரெண்டும் சந்திச்சா நம்மளத் திருப்பூர்ல போய்த்தான் பொறுக்கோணும்" என்பார் சதா மாமா. சிரித்துக்கொண்டேதான் சொல்வார். அவர்தான் உலை மேடையில் நிற்பவர். என் அக்காவின் வீட்டுக்காரர். நான் அவர்கள் வீட்டில்தான் இருக்கிறேன்.

கண்ணாடி அறையில் உட்கார்ந்து எண்களைப் பார்ப்பது, தரையைக் கூட்டுவது, டீ வாங்கி வருவது என் வேலை. "வாயே தொறக்காத புள்ளைதான் இதுக்குச் சரி" என்று குப்புராஜ் சார் சேர்த்துக்கொண்டார். அவர் மேனேஜர். பள்ளிக்கூடத்தில் இதையே வேறு மாதிரி சொன்னார்கள். பத்தாவது பாதியில் நின்றுவிட்டேன். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

அக்டோபர் 6, திங்கள்

காலையிலிருந்து சைரன். எண் ஒரு துள்ளு துள்ளும், சைரன் அலறும், உலை நிற்கும். மறுபடி ஏற்றுவதற்குள் இரும்பு ஆறி மந்தமாகிவிடும். அச்சுப் பெட்டிகளை வரிசையாக வைத்துவிட்டு மோல்டிங் ஆட்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருடைய கண்ணும் என் கண்ணாடி அறை மேல். நான் என்னவோ சைரனை வாயில் வைத்து ஊதியது மாதிரி.

குப்புராஜ் சார் ஓடி வந்தார். "என்ன பண்ணித் தொலைச்ச?"

ஒன்றும் பண்ணவில்லை என்று சொல்ல நினைத்தேன். தலையை ஆட்டினேன்.

அவர் திரையின் தலையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். அது 42 காட்டியது. "பாத்தியா? அடிச்சாத்தான் கேக்குது" என்று போய்விட்டார்.

சாயங்காலம் அக்காவின் காலுக்கு உப்புப் போட்டு வெந்நீர் வைத்தேன். ஏழாம் மாதம், பாதம் வீங்கிக் கிடக்கிறது. அக்கா எதையோ தேடிக்கொண்டே இருந்தாள்.

"என்ற மஞ்சப் பூப்போட்ட நைட்டியக் காணமே. அது ஒண்ணுதான் இப்பப் பத்துது."

"பழசுன்னு நெனச்சு நாந்தான் எடுத்துட்டுப் போயிட்டேன்" என்றார் மாமா. "பூசைக்குப் பெயிண்ட் அடிக்கத் துணி பத்தலை."

"ஊரெல்லாம் பனியன் வேஸ்ட்டு கெடக்குது. உங்களுக்கு என்ற நைட்டிதான் ஆப்புட்டுதா?"

"மொதலாளியே வந்து பாத்து, 'சதாசிவம், பவுண்டரியா இது, கல்யாண மண்டபமா'ன்னு கேட்டாரு. எல்லாம் உன்ற நைட்டி மகிமைதான்."

அக்கா கரண்டியை எடுத்தாள். மாமா வாசலுக்கு ஓடினார்.

அக்டோபர் 7, செவ்வாய்

இன்றும் ஐந்து துள்ளியது. அப்புறம் மூன்றும்.

அக்டோபர் 8, புதன்

தண்ணீரின் சூட்டைக் காட்டும் இந்த மானியைப் போட்டுக் கொடுத்த கம்பெனியிலிருந்து இம்ரான் சார் வந்தார். சென்னைக்காரர். வந்ததும் வேர்த்துக் கொட்டியது. பையிலிருந்து ஒரு சின்ன ரேடியோவை எடுத்தார்.

"பாட்டுப் போடுங்க சார், வேலை சலிப்பா இருக்குது" என்று மேடையிலிருந்து மாமா கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள்.

இம்ரான் சாரும் சிரித்தார். "போடறேன். முதல்ல உலையை ஓட்டுங்க."

உலையில் மின்சாரம் ஏறியதும் ரேடியோவைத் தரையில் இருக்கும் கேபிள் பள்ளத்தின் ஓரமாகக் கொண்டுபோனார். அது கரகரவென்று கத்தியது. பக்கத்தில் போகப் போக அழுகிற குழந்தை மாதிரி வீறிட்டது. உலையை நிறுத்தச் சொன்னார். ரேடியோ அடங்கியது. யாரும் சிரிக்கவில்லை.

"கேட்டீங்களா? உலைக்குப் போற கரண்ட் சும்மா போகாது. சுத்தி இந்த இரைச்சலைப் போட்டுக்கிட்டேதான் போகும். நம்ம காதுக்குக் கேக்காது. மானியோட கம்பிக்குக் கேக்கும். அது பாவம், இரைச்சலையும் சூடுன்னு நினைச்சுச் சொல்லிடுது."

அதற்காகத்தான் மானிக் கம்பியின் மேல் ஒரு வலைச்சட்டை இருக்கிறது என்றார். இரைச்சல் சட்டையோடு நின்று, கம்பிகள் வந்து சேரும் இரும்புப் பெட்டி வழியாக மண்ணுக்குள் இறங்கிவிட வேண்டும். அதற்குச் சட்டையின் நுனி பெட்டியின் வெறும் இரும்பைத் தொட்டிருக்க வேண்டும்.

எலெக்ட்ரீஷியன் ஆரோக்கியம் அண்ணன் பெட்டியைத் திறந்தார். உள்ளே, வெளியே, மூலை முடுக்கு எல்லாம் பச்சை. அழகான பச்சை. போல்ட்டைக் கழற்றினால் அதற்கு அடியிலும் பச்சை.

"யாருங்க போல்ட்டைக் கழட்டி அடியிலயும் பெயிண்ட் அடிச்சது?" என்று கேட்டார் இம்ரான் சார்.

மாமா மேடையிலிருந்து இறங்கி வந்தார். "நாந்தானுங். மேலாப்புல அடிச்சுட்டு அடியில உட்டா சாமிக்கு ஆகுமா? தொரு ஏறுமில்லீங்?"

"அந்த இடத்துல பெயிண்ட் ஆகாதுங்க அண்ணா. மண்ணுக்குப் போற வழியை அடைச்சிட்டீங்க. இதென்ன, மானிக் கம்பியெல்லாம் கேபிள் பள்ளத்துக்குள்ள?"

"தொங்கிட்டுக் கெடந்துதுங். பாக்க அசிங்கமா இருந்துது. உள்ள தள்ளி மூடிட்டோம்."

இம்ரான் சார் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். கோபப்படவில்லை. "இரைச்சல் எங்க அதிகமோ அங்கயே கொண்டுபோய்ப் படுக்க வெச்சிருக்கீங்க."

"பூசைக்குப் பண்ணதப் போயிக் குத்தம் சொல்றீங்களே" என்று மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் காது சிவந்திருந்தது.

கிளம்பும்முன் இம்ரான் சார் கண்ணாடி அறைக்குள் வந்து என்னிடம் சொன்னார். "இதையெல்லாம் சரி பண்ற வரைக்கும் ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கம்மா. துள்ளினா இரைச்சல். நடந்து வந்தா சூடு."

அக்டோபர் 9, வியாழன்

செய்ய மாட்டார்களாம். கம்பிகளைப் பள்ளத்திலிருந்து எடுத்துத் தனியாக இழுக்க வேண்டும், பெட்டி முழுக்கச் சுரண்ட வேண்டும், உலையை ஒரு நாள் நிறுத்த வேண்டும். இங்கே வார்க்கும் பம்பு உடல்கள் தீபாவளிக்கு முன்னால் துறைமுகம் போயாக வேண்டும். "தீவாளி கழிஞ்சு பாத்துக்கலாம்" என்றார் குப்புராஜ் சார்.

அதற்குப் பதிலாக ஒரு சாவி கொடுத்தார். பித்தளைச் சாவி. பூசையில் வைத்ததால் சிவப்புக் கயிறு கட்டியிருக்கிறது. திரைக்குக் கீழே ஒரு துவாரம் இருக்கிறது, அதில் போட்டு வலப்பக்கம் திருப்பினால் சைரன் அடிக்காது, உலையும் நிற்காது. எண்கள் என்னவோ சொல்லிக்கொண்டிருக்கும், யாருக்கும் கேட்காது.

"துள்ளறப்போ திருப்பு. அடங்குனதும் பழையபடி வெச்சுரு. பேசோணும்னுகூட இல்ல. உனக்குன்னே செஞ்ச வேலை" என்று சிரித்தார்.

அக்டோபர் 10, வெள்ளி

திருப்பினேன். எத்தனை முறை என்று எழுத மாட்டேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

எண்ணெய் தேய்த்துக் குளித்தோம். மாமா கோழி எடுத்து வந்தார். அக்காவுக்கு மிளகு தூக்கலாகப் போட்டேன். தின்னும்போது மாமா என்னைப் பார்த்து, "கொளுந்தியா ரெண்டு நாளா நம்மளப் பாக்கறதே இல்லியே, என்ன சங்கதி?" என்றார்.

"அவ எப்பப் பேசுனா, இப்பப் பேச?" என்றாள் அக்கா.

"சாவி கையில வந்ததும் மேனேஜர் ஆயிட்டாளாட்ட இருக்குது."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அப்புறம் சொன்னேன். "நெசமா சுட்டா என்ன பண்ணுவீங்க மாமா?"

அவர் எலும்பைக் கீழே வைத்தார். "அது பொய்ச் சைரன் அம்மிணி. அந்த சார்தான் சொன்னாரே."

"பெட்டி சரியில்லைன்னு சொன்னாருங். நெசம் வராதுன்னு சொல்லலை."

"தீவாளி வரைக்கும்தான. நாங்க மேடையில நிக்கறவங்க, எங்களுக்குத் தெரியாதா? உலைக்கு ஒரு வாசம் இருக்குது. கெட்டுப் போச்சுன்னா மூக்குக்குத் தெரிஞ்சுரும்."

அக்கா அவரையே பார்த்தாள். அவர் அக்காவின் தட்டில் ஈரலை எடுத்து வைத்தார். பாத்திரம் கழுவும்போது பின்பக்கம் நின்று அவர் தன் உள்ளங்கைகளை முகர்ந்து பார்ப்பதைக் கண்டேன்.

அக்டோபர் 13, திங்கள்

சாவியைக் குப்புராஜ் சாரின் மேசை மேல் வைத்துவிட்டு வந்தேன். மதியத்துக்குள் சைரன் அடித்து உலை நின்றது. நான் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர் சாவியோடு வந்தார். "ஏம் புள்ள, இது உங்கொப்பன் ஊட்டு உலையா?"

எழுந்து நின்றேன்.

"உனக்குப் புடிக்கலைன்னா போலாம். நாளைக்கே வேற ஆள் வரும். உன்ற மாமனையும் மணல் சலிக்கத் தாட்டிவிட்டுருவேன். உன்ற அக்கா சந்தோசமா வளைகாப்புப் பண்ணட்டும்." அவரே சாவியைத் துவாரத்தில் போட்டு வலப்பக்கம் திருப்பினார். "இனி துள்ளறப்போ திருப்பற கதையே வேண்டாம். இப்படியே இருக்கட்டும். தொட்டீன்னா கை இருக்காது."

சாவி அப்படியே இருக்கிறது. அறையில் அவ்வளவு அமைதி. பள்ளிக்கூடத்தில் பதில் தெரிந்தும் எழுந்து நிற்காமல் உட்கார்ந்திருந்த மத்தியானங்களில் இப்படித்தான் இருக்கும். எனக்கு அந்த அமைதி பிடிக்காது. எப்போதும் பிடித்ததில்லை. மற்றவர்கள்தான் எனக்குப் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அக்டோபர் 14, செவ்வாய்

கையால் தொடவில்லை. கண்ணால் பார்ப்பதை அவர் தடுக்க முடியாது.

அக்டோபர் 15, புதன்

மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம். உலை நிறைய இரும்பு. மாமா மேடையில் நின்று நீளக் கம்பியால் கசடு வாரிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர்.

மூன்று துள்ளியது. ஏழு துள்ளியது. ஐந்து துள்ளவில்லை. 43 என்றிருந்தது 44 ஆனது. 44லேயே கொஞ்சம் நின்றது. 46. நான் பெஞ்சின் விளிம்புக்கு வந்தேன். 47. பக்கத்து எண்கள் எல்லாம் குதித்துக் குதித்து இறங்கின. ஐந்து மட்டும் இறங்கவே இல்லை. ஏறிக்கொண்டே இருந்தது. 50.

நடந்து வந்தது.

கண்ணாடியைத் தட்டினேன். மாமா திரும்பினார். ஐந்து விரல்களை விரித்துக் காட்டி, கையை மெல்ல மேலே தூக்கினேன். அவர் ஒன்றுமில்லை என்பதுபோல் கையை ஆட்டிவிட்டுக் கசடு வாரப் போனார். 54.

சாவியைப் பழைய பக்கம் திருப்பினேன். திருப்பி, உருவி, உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டேன். அதன் பிறகு செய்ய ஒன்றுமில்லை, மானி தானாகப் பேசும். 57. 59.

சைரன் அலறியது. உலையின் உறுமல் நின்றது.

குப்புராஜ் சார் கதவை உதைத்துத் திறந்தார். "சாவியைப் போடு!"

கையைப் பின்னால் கொண்டுபோனேன்.

"உலை நெறைய இரும்பு நிக்குது, உறைஞ்சு போனா உங்கொப்பனா வந்து தோண்டுவான்? போடு புள்ள!"

மாமாவும் வந்துவிட்டார். முகமெல்லாம் கரி. "அம்மிணி, குடுத்துரு. என்ற பொழப்பக் கெடுத்துராத."

அதுதான் வலித்தது. ஆனாலும் சொன்னேன். என் குரல் இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று எனக்கே தெரியாது.

"துள்ளலைங்க. நடந்து வந்துது. போயித் தொட்டுப் பாருங்க."

"என்ன ஒளறுறா இவ?"

"அஞ்சாம் கொழாய். தொட்டுப் பாருங்க மாமா!"

மாமா என்னைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மின்சாரம் நின்ற பிறகும் அது 63 காட்டியது. அவர் ஓடினார். உலைக்குப் பின்னால் தண்ணீர் திரும்பி வரும் ரப்பர்க் குழாய்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தில் கை வைத்தவர் "ஐயோ!" என்று உதறினார்.

அப்புறம் அவர் கத்திய கத்தலில் மேடையில் இருந்தவர்கள் எப்படி இறங்கினார்கள் என்று தெரியவில்லை. ஆரோக்கியம் அண்ணன் அவசரத்துக்கு வைத்திருக்கும் தண்ணீர்த் தொட்டியைத் திறந்துவிட்டார். உலையைச் சாய்த்து, இரும்பு முழுவதையும் மணல் குழியில் கொட்டினார்கள். சைரன் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது. அதை நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஐந்தாம் குழாயின் வாயைக் கழற்றியபோது ஆவியும் கொஞ்சம் தண்ணீரும் வந்தன. ஆரோக்கியம் அண்ணன் கொக்கியை உள்ளே விட்டு இழுத்தார். ஒரு துணிச்சுருள் வந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பெயிண்ட் அடிக்கும்போது உள்ளே விழுந்திருக்கும் என்றார். பச்சை படிந்த மஞ்சள் துணி. சின்னச் சின்னப் பூக்கள்.

மாமா கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டார். பிழிந்து, மடித்து, சட்டைப் பைக்குள் வைத்தார். வெந்த விரல்கள் சிவந்திருந்தன. அவர் மணல் மேல் உட்கார்ந்துவிட்டார்.

குப்புராஜ் சார்தான் முதலில் பேசினார். "செரி, அடைப்பு எடுத்தாச்சு. ஒண்ணும் ஆகலையில்ல? காத்தால இரும்பு போட்டு உலைய ஏத்துங்க. சரக்குப் போயாகோணும்." என்னிடம் கையை நீட்டினார். "சாவி."

குழியில் இரும்பு இன்னும் சிவந்து கிடந்தது. அதன் பக்கம் நடந்தேன். முகம் சுட்டது. உள்ளங்கையைத் திறந்து சாவியைப் போட்டேன். சிவப்புக் கயிறுதான் முதலில் பற்றி எரிந்தது. பித்தளை கொஞ்ச நேரம் மஞ்சளாக மினுங்கியது. அப்புறம் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

"எங்க சாவி?"

"உள்ள இருக்குதுங்க" என்றேன்.

வீட்டுக்கு வரும் வழியில் மாமா வண்டியை இரண்டு முறை நிறுத்தினார். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு மறுபடி ஓட்டினார். வாசலில் அக்கா காத்திருந்தாள். அவர் கையைப் பார்த்தாள். தேங்காய் எண்ணெய் எடுத்து வந்தாள். மாமா சட்டையை அவிழ்த்து அவரே ஊறவைத்தார். எந்த நாளும் செய்யாத வேலை.

நான் ரசம் வைத்தேன்.

அக்டோபர் 16, வியாழன்

காலையில் எல்லாரும் வந்திருந்தோம். உலை ஆறிக் கிடந்தது.

குப்புராஜ் சார் ஆரோக்கியம் அண்ணனிடம், "சாவி இல்லாட்டி என்ன, அந்த ரெண்டு ஒயரையும் சேத்து முறுக்கிவிட்டுரு" என்றார்.

அண்ணன் திருப்புளியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "நீங்களே முறுக்கிக்குங்க சார். எனக்கு ரெண்டு கொழந்தைக."

"சதாசிவம், மேடைக்கு ஏறு."

மாமா கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்திருந்தார். கையில் துணி சுற்றியிருந்தது. எழுந்திருக்கவில்லை. "பெட்டியில பச்ச இருக்கற வரைக்கும் ஏற மாட்டனுங். நான் அடிச்ச பச்சதான். இருந்தாலும் ஏற மாட்டேன்."

"அப்ப எல்லாரும் சேந்து என்னை முதலாளிகிட்டக் கோத்துவிடறீங்க? இருங்க, போனப் போடறேன்." குப்புராஜ் சார் கைப்பேசியோடு வெளியே போனார். கேட்டுக்குப் பக்கத்தில் அவர் குரல் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. முதலாளி என்ன சொல்வார் என்று எல்லாரும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மணல் சலிக்கப் போக வேண்டுமோ, வீட்டுக்கே போக வேண்டுமோ.

நான் ஆரோக்கியம் அண்ணனிடம் போனேன். "மெயின் அணைச்சிருக்குதுங்களா?"

அவர் போய்ப் பார்த்துவிட்டு, இழுத்துப் பூட்டிவிட்டு வந்தார். "அணைச்சாச்சு சாமி."

அவருடைய பெட்டியிலிருந்து ஸ்பேனரையும் உப்புத்தாளையும் எடுத்துக்கொண்டேன். மானிப் பெட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன். முதல் போல்ட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அதன் அடியில் இருந்த பச்சையை இரும்பு தெரியும்வரை தேய்த்தேன்.